புள்ளி விடுபட்ட இடம்: திருகோணமலையில் ஒரு முதற் பங்களிப்பு (நிகழ்வு ஆய்வு)

திருகோணமலையில் இரண்டு பேர் கட்டற்ற (யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றக்கூடிய), கூட்டு இணையத் திட்டங்களுக்குத் தங்கள் முதல் சிறிய பங்களிப்புகளைச் செய்த கதை இது. ஒருவர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த மாணவி. மற்றவர் தமிழும் வரலாறும் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் வார இறுதியில் ஒரு வாசிகசாலையில் இலவசமாகக் கணினி வகுப்பு எடுக்கிறேன். இருவரும் அங்கே வந்தவர்கள். பெயர் இல்லாமல் எழுத இருவரும் சம்மதித்தார்கள். எழுதியதை வாசித்து, ஆசிரியர் எழுத்துப்பிழையும் திருத்தித் தந்தார்.

பின்னணி

மாணவியிடம் இருந்தது ஒன்றுவிட்ட அண்ணன் கொடுத்த பழைய மடிக்கணினி. இணையம் போன் டேட்டாவில்தான். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரியும்; நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், பயன்படுத்தியதில்லை. தகப்பன் ஓட்டோ ஓடுகிறார். உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை எந்த ஒழுங்கை எங்கே முடிகிறது என்பது அவருக்கு மனப்பாடம். கதையின் பிற்பகுதியில் இது முக்கியமாகும்.

அப்போது அவர் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்: "அண்ணா, கம்பனிக்காரர் கிட்ஹப்பில என்ன செய்திருக்கிறாய் எண்டு கேப்பினமாம். என்னட்ட காட்ட ஒண்டும் இல்லை. என்ன செய்யிறது?"

கிட்ஹப் என்பது நிரல்களை வெளியிட்டுக் கூட்டாகத் திருத்தும் இணையத்தளம். கேள்வியில் பிழை இல்லை. வேலை கிடைக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் "எதைச் சரிசெய்ய வேண்டும்" என்பதற்கு முன்னரே "எதைக் காட்டலாம்" என்று தொடங்கியதுதான் அடுத்து நடந்த இரண்டு தடுமாற்றங்களுக்கும் வேர் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆசிரியருக்கு 68 வயது. போனில் செய்தி வாசிப்பார், வேறெதுவும் இல்லை. ஊர்ப்பெயர்கள் இணையத்தில் கண்டபடி எழுதப்படுகின்றன என்ற ஆற்றாமையோடுதான் வகுப்புக்கு வந்தார்.

ஒக்டோபர்: முதல் தடுமாற்றம்

ஹேக்டோபர்ஃபெஸ்ட் 2014இல் தொடங்கியது. ஒக்டோபர் மாதத்தில் கட்டற்ற திட்டங்களுக்கு மாற்றங்களை அனுப்புவோரை ஊக்குவிக்கும் நிகழ்வு. முந்தைய வருடங்களில் நான்கு மாற்றங்களை அனுப்பினால் டீ-சேர்ட் கிடைக்கும். அந்த டீ-சேர்ட்டுக்காக 2020இல் பயனற்ற மாற்றங்கள் வெள்ளமாக வந்து, வரும் மாற்றங்களைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். அப்புறம் தாமாக விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே என்று விதி மாறியது.

வகுப்பில் இந்த நிகழ்வைப் பற்றிச் சொன்னவன் நான்தான். 2020இல் நடந்ததைச் சொல்லவில்லை.

மாணவி ஒரு காணொளியைப் பார்த்து, தனக்குத் தொடர்பே இல்லாத ஒரு பெரிய திட்டத்தின் அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பினார். 'உதவும்' என்ற பொருளுள்ள ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் அதே பொருளுள்ள இன்னொன்று. சில மணி நேரத்தில் வேண்டாத அஞ்சல் என்ற அடையாளத்தோடு அது மூடப்பட்டது. ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை.

மூடிய பராமரிப்பாளரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மாதத்தில் அதுபோல எத்தனையைப் பார்த்திருப்பாரோ. ஆனால் 20 வயதுப் பிள்ளை ஒன்று தன் வாழ்க்கையில் முதன்முதலாக உலகத்துக்கு அனுப்பிய ஒன்றின்மேல் 'குப்பை' என்று எழுதியிருந்தால் மனதுக்கு என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்தேன். அதற்கு நானும் பொறுப்பு.

வரைபடத்தில் இரண்டு இரவுகள்

மூன்றாம் வாரம் அவரே திரும்பி வந்தார். தகப்பனின் ஓட்டோவில் ஏறிய ஒரு வெளியூர்க்காரர் போனில் தமிழில் காட்டிய ஒழுங்கைப் பெயர் அப்படியொரு பெயரே இல்லை என்னும்படி இருந்ததாம். தகப்பன் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறார். மகளுக்கு அது பொறி.

நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் காட்டினேன். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. அதன் தரவை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். எங்கிருந்து பெற்றோம் என்று சொல்ல வேண்டும், தரவை மேம்படுத்திப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். ஓர் இடத்துக்குப் பொதுப்பெயர் என்று ஒரு புலமும், தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று தனித்தனிப் புலங்களும் உண்டு. இவ்வளவும் சொன்னேன். கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் செய்யச் சொன்னேன்.

இரண்டு இரவுகளில் 146 பெயர்களைப் போட்டுவிட்டார்.

செய்த விதம் இது. ஒரு வணிக நிறுவனத்தின் இணைய வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஆங்கிலப் பெயர்களைப் பார்த்து, எழுத்துப்பெயர்ப்புக் கருவியில் தமிழாக்கி, ஒட்டியிருக்கிறார். அதையும் தமிழ்ப் பெயர்ப் புலத்தில் போடாமல் பொதுப்பெயர்ப் புலத்திலேயே, இருந்ததை அழித்துவிட்டுப் போட்டிருக்கிறார். காரணம் கேட்டபோது தெளிவாகச் சொன்னார்: திட்டத்தின் இணையத்தளத்தில் தெரியும் வழக்கமான வரைபடம் பொதுப்பெயரைத்தான் காட்டும், தமிழ்ப் புலத்தில் போட்டால் அங்கே ஒன்றும் மாறாது, ஊர் தமிழில் தெரிவதைப் பார்க்க ஆசைப்பட்டார். அந்த ஆசை எனக்கும் விளங்கியது.

கருவி செய்ததுதான் பெரிய சேதம். ஆங்கில எழுத்தில் வெளியும் வேலியும் ஒன்றுபோலத்தான் வரும். உப்புவெளி 'உப்புவேலி' ஆனது, நிலாவெளி 'நிலவேலி' ஆனது. திறந்த நிலம் வேலி போட்ட நிலமாகிவிட்டது. பாலையூற்று 'பலையூத்து' ஆனது. ஆங்கிலத்தில் வேறு பெயரால் வழங்கும் இடங்களை ஒலிபெயர்த்தால் தமிழ்ப் பெயர் கிடைக்கவே கிடைக்காது: சீனன்குடாவுக்கு 'சைனா பே', உவர்மலைக்கு 'ஓர்ஸ் ஹில்'. இந்தப் பிழைகள் ஒன்றும் புதியவை அல்ல. தகப்பனின் ஓட்டோவில் ஏறியவர் கண்டதும் இதே வகைப் பிழைதான். யாரோ எங்கோ இதே வழியில் செய்ததை மாணவி இன்னும் பெரிதாகச் செய்துவிட்டார்.

திருப்பிப் போடப்பட்டபோது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு தடவை சேமிக்கும் மாற்றங்களின் கட்டுக்குச் சேஞ்ச்செட் என்று பெயர். அதன்கீழ் மற்றவர்கள் கருத்து எழுதலாம். மறுநாளே ஒரு தன்னார்வலர் கேட்டிருந்தார்: இந்தப் பெயர்களின் மூலம் என்ன, பொதுப்பெயர்களை ஏன் மாற்றினீர்கள்? அந்தக் கேள்வி மாணவி திறந்தே பார்க்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருந்தது. ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள் 146 மாற்றங்களும் திருப்பிப் போடப்பட்டன.

"நான் நல்லதுக்குத்தானே செய்தனான், அண்ணா. ஏன் எல்லாத்தையும் அழிச்சவை?" என்று கேட்டபோது கண் கலங்கியிருந்தது. கணக்கை மூடிவிட்டுப் புதிய பெயரில் தொடங்கலாமா என்றும் கேட்டார்.

நான் முதலில் செய்தது, அந்தத் தன்னார்வலரின் செய்தியை அவரைக்கொண்டே சத்தமாக வாசிக்க வைத்ததுதான். நான்கு வசனங்கள். ஒன்றில்கூடக் கடுமை இல்லை. வந்ததற்கு நன்றி சொல்லி, வழிகாட்டிப் பக்கத்துக்கு இணைப்பும் கொடுத்திருந்தார். ஒக்டோபரில் பட்ட காயத்தோடு வாசித்ததால் மாணவிக்கு அது திட்டாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் விடலாம். புதுக் கணக்கில் தொடங்கலாம். அல்லது அதே இடத்தில், அதே பெயரில், நடந்ததைச் சொல்லலாம். மூன்றாவதை எடுத்தோம். நேர்மை நல்லது என்பது ஒரு காரணம். நடைமுறைக் காரணமும் ஒன்று இருந்தது. வணிக வரைபடத்திலிருந்து எடுத்த பெயர்கள் திருப்பிப் போட்ட பிறகும் திட்டத்தின் வரலாற்றில் இருக்கும். பதிப்புரிமை உள்ள தரவு என்றால் வரலாற்றிலிருந்தும் அதை மறைக்க வேண்டும். அந்தத் தரவை நம்பிச் செயலி செய்யும் எல்லோரையும் அது பாதிக்கும். எங்கிருந்து எடுத்தோம் என்று நாங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

தன் ஆங்கிலத்தை நினைத்து மாணவி பயந்தார். சின்னச் சின்ன வசனங்களாக ஐந்து எழுதினோம். எந்த வரைபடத்தைப் பார்த்து எழுதினேன், பொதுப்பெயரை மாற்றியது பிழை, மின்னஞ்சலைப் பார்க்கவில்லை, மன்னிக்கவும், நான் இந்த ஊர்ப்பிள்ளை, சரியான பெயர்களை எப்படிச் சேர்ப்பது? ஒரு நாளுக்குள் பதில் வந்தது. உள்ளூர் ஆள் ஒருவர் கிடைத்ததில் அந்த மனிதருக்கு உண்மையான சந்தோஷம். வீதியில் இறங்கிப் பெயர்ப்பலகையைப் பாருங்கள், ஊர்க்காரரிடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான் மூலம் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரியை மாணவி கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தார்.

கொப்பியும் சைக்கிளும்

ஆசிரியர் சேர்ந்தது இங்கேதான். வெளிக்கும் வேலிக்கும் நடந்த குழப்பத்தைக் கேட்டதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றார். முதல் திருத்தத்தைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதம். கணக்குத் தொடங்க 40 நிமிடம் பிடித்தது. மின்னஞ்சலுக்கு வந்த உறுதிப்படுத்தல், கடவுச்சொல், மீண்டும் கடவுச்சொல். அப்புறம் தன் வீட்டு ஒழுங்கையில் தமிழ்ப் பெயர்ப் புலத்தில் இருந்த ஒரு 'வே'யை 'வெ' ஆக்கிச் சேமித்தார். ஓர் எழுத்து. கையெடுத்துக் கும்பிட்டார்.

பின்னர் மூவரும் உட்கார்ந்து சில விதிகளை வகுத்தோம். ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒழுங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகை இருக்க வேண்டும், இல்லையேல் அதே ஒழுங்கையில் குடியிருக்கும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் கேட்காமல், ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். தமிழ்ப் புலத்தை மட்டும் தொடுவது. பொதுப்பெயரைத் தொடுவதே இல்லை. ஒரு தடவைக்குப் பத்துப் பெயருக்கு மேல் சேமிப்பதில்லை, திருத்துபவர் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிக்க வேண்டும் என்பதற்காக. ஒவ்வொன்றுக்கும் மூலத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது.

படம் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். துறைமுகத்தில் கடற்படை இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வீதி பிரட்ரிக் கோட்டைக்கு ஊடாகப் போகிறது, கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. போனைத் தூக்கிக்கொண்டு பலகை பலகையாக ஒரு பெண்பிள்ளை படமெடுத்துத் திரிவது வேண்டாத கேள்விகளைக் கொண்டுவரும். கொப்பியும் பேனையும் போதும்.

கொப்பிக்கும் கேள்வி வந்தது. முதல் நாளே ஓர் அம்மா படலையைத் திறக்காமல் கேட்டார்: "எதுக்குப் பிள்ளை பேரெல்லாம் எழுதுறீங்கள்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். யாரோ வந்து பட்டியல் எழுதிக்கொண்டு போனால் அதற்குப் பிறகு நல்லது நடந்த நினைவு பலருக்கு இல்லை. மாணவி வாயடைத்து நின்றார். பின்னால் சைக்கிளை உருட்டி வந்த ஆசிரியரைக் கண்டதும் அம்மா படலையைத் திறந்தார். "சேர், நீங்களே?" அவருடைய மகன் ஆசிரியரிடம் படித்தவராம். அன்றிலிருந்து ஆசிரியர் இல்லாமல் மாணவி போகவில்லை. ஆட்களின் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ எழுதுவதில்லை, வீதிப் பெயர் மட்டும்தான் என்று கொப்பியைத் திறந்து காட்டிவிட்டே கேட்கத் தொடங்கினார்கள்.

நவம்பர், டிசம்பர் மழையில் பல சனிக்கிழமைகள் போயின. ஏழு வாரத்தில் 72 ஒழுங்கைகள் பார்த்தார்கள். 63 பெயர்கள் வரைபடத்தில் ஏறின. ஒன்றுகூடத் திருப்பிப் போடப்படவில்லை.

எழுதாமல் விட்ட ஒன்பது

மீதி ஒன்பதும் எனக்கு 63ஐ விட முக்கியமானவை. பலகையில் ஒரு பெயரும் ஆட்களின் வாயில் வேறு பெயரும் இருந்தால் சிக்கல் இல்லை. பலகையில் உள்ளதைத் தமிழ்ப் பெயராகவும் மற்றதை மாற்றுப்பெயராகவும் பதியலாம், அதற்குத் தனிப் புலம் உண்டு. பழைய பெயருக்கும் தனிப் புலம் உண்டு. ஆசிரியருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சில ஒழுங்கைகளில் பலகையே இல்லை. இந்த முனையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு பெயரும் அந்த முனையில் இருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் இன்னொரு பெயரும் சொன்னார்கள். இரண்டும் தமிழ்தான், இரண்டும் பழையதுதான்.

மாணவி இரண்டையும் போடலாம் என்றார். எதை முதலில் போடுவது என்று ஆசிரியர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. திருகோணமலையில் ஓர் இடத்துக்கு என்ன பெயர் என்பது சும்மா ஒரு தரவு இல்லை. இரண்டு முனையும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் வரை விடுவது என்று தீர்மானித்தோம். வெறுமையாக இருக்கும் புலத்தை யாரும் பின்னர் நிரப்பலாம். பிழையாக நிரப்பியதை முதலில் சண்டை பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆசிரியரின் நான்கு பக்கங்கள்

இடையில் ஒரு கிளைக்கதை. வரைபடத்தில் 'உங்களுக்குத் தெரிந்ததுதான் மூலம்' என்றதும் ஆசிரியர் ஒரு சிறிய கோயிற்குளத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார், தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்க. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முன்னோடி இலங்கைத் தமிழரான மயூரநாதன் என்பதை அறிந்ததிலிருந்து அவருக்கு அந்தத் திட்டத்தில் ஒரு உரிமையுணர்வு.

அங்கே விதி நேர் எதிர். சொந்த ஆய்வு, சொந்த நினைவு செல்லாது. வெளியான ஒரு மூலத்தைச் சுட்ட வேண்டும். "அறுபது வருசமா அந்தக் குளத்தில குளிச்சவன் நான், நான் சொன்னா நம்பாயினமோ?" என்று கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்ல முடிந்தது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அவரைத் தெரியாதே.

இலங்கைத் தமிழ் நூல்களையும் மலர்களையும் மின்வடிவில் சேகரிக்கும் நூலகம் திட்டத்தில் மாணவி தேடினார். 2005 முதல் இயங்கும் அந்தச் சேகரத்தில் பழைய கும்பாபிஷேக மலர் ஒன்று அகப்பட்டது. குளத்தைப் பற்றி அதில் அரைப் பக்கம். அதைச் சுட்டி இரண்டு வசனங்கள் விக்கிப்பீடியாவில் ஏறின, நின்றன. மீதி மூன்றரைப் பக்கத்தைத் தன் பெயரில் கட்டுரையாக எழுதி எங்காவது வெளியிடுங்கள், ஒருநாள் யாராவது அதையே மூலமாகச் சுட்டுவார்கள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறார்.

விடுபட்ட புள்ளி

ஜனவரியில் ஒருநாள் ஆசிரியர் போனை நீட்டினார். "பிள்ளை, இதில மகரத்துக்குப் புள்ளி இல்லை. ஆரோ பிழையா எழுதிப்போட்டினம். திருத்து."

அது வரைபடத் தரவைப் பயன்படுத்தும் ஒரு சிறிய கட்டற்ற செயலி, எங்கோ வெளிநாட்டில் சிலர் தன்னார்வமாகச் செய்வது. பட்டியலில் 'திருக்கோணேச்சரம…' என்று இருந்தது. மாணவி தரவைப் பார்த்தார். சரியாக 'திருக்கோணேச்சரம்' என்றுதான் இருந்தது. அடுத்த வரியில் 'கன்னியா வெந்நீர…'. 'ரூ' என்ற எழுத்து 'ர' ஆகியிருந்தது. எழுத்துப்பிழை இல்லை, நிரல் வெட்டுகிறது என்று அவருக்கு விளங்கியது.

காரணம் இதுதான். திருக்கோணேச்சரம் என்பதில் நாங்கள் எண்ணினால் ஒன்பது எழுத்து. கணினி வைத்திருப்பது 16 குறியீடுகள். 'தி' என்பது த, இகரக் குறி என இரண்டு. 'ம்' என்பது ம, புள்ளி என இரண்டு. நிரல் 15 குறியீடுகளுக்கு மேல் இருந்தால் வெட்டிவிட்டுப் பின்னால் மூன்று புள்ளி போட்டது. பதினாறாவது குறியீடு மகரத்தின் தலைமேல் இருந்த புள்ளி. ஒரேயொரு புள்ளியை வெட்டிவிட்டு அதற்குப் பதில் மூன்றைப் போட்டிருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் எத்தனை தடவை பார்த்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது.

ஒக்டோபரில் நடந்ததை வைத்து இந்தத் தடவை வேறு மாதிரிப் போனோம். முதலில் இதே பிழையை யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று தேடினார். இல்லை. நிரலை அனுப்பாமல் ஒரு முறையீடு மட்டும் எழுதினார்: என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்தப் போன், எந்தப் பதிப்பு. அடியில் ஒரு வரி: இதை நானே திருத்தி அனுப்பலாமா? நான்கு நாளில் "தாராளமாக" என்று பதில்.

திருத்தம் நான்கு வரிதான், ஆனால் அதற்கு இரண்டு வாரம் பிடித்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கணினியில் ஓட்டும் நோட் கருவிகளை டேட்டாவில் இறக்கவே மூன்று இரவு. எல்லாம் நிறுவி, ஒன்றையும் மாற்றாமல், நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை ஓட்டினால் திகதி சம்பந்தப்பட்ட ஒரு சோதனை தோற்றது. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். அந்தச் சோதனை முழு மணிக்கணக்கையே எதிர்பார்த்திருந்தது. அதையும் சேர்த்துத் திருத்திவிடுவோம் என்றார் மாணவி. வேண்டாம் என்றேன். மாற்றத்தை ஏற்கும்படி அனுப்பும் ஒரு கோரிக்கையில் ஒரு விஷயம் இருந்தால் பார்ப்பவர் ஆம் அல்லது இல்லை சொல்லலாம். இரண்டு இருந்தால் ஒன்றின் சந்தேகம் மற்றதையும் நிறுத்திவிடும். திகதிப் பிழையைத் தனி முறையீடாகப் பதிந்தார்.

திருத்தத்தில் குறியீடுகளை எண்ணாமல், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளைப் பிரித்து எண்ணும் இன்டெல்.செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியைப் பயன்படுத்தினார். அதோடு இரண்டு சோதனைகள். ஒன்று திருக்கோணேச்சரம், மற்றது கன்னியா வெந்நீரூற்று.

பார்வையிட்டவர் இரண்டு கேள்வி கேட்டார். பழைய உலாவிகளில் இது வேலை செய்யுமா? குரோம் 2020இல் சேர்த்துவிட்டாலும் பயர்பாக்ஸ் 2024இல்தான் சேர்த்தது. ஆகவே வசதி இல்லாத இடத்தில் பழைய முறைக்கே திரும்பும்படி இன்னும் இரண்டு வரி வந்தது. அடுத்தது, பதினைந்து தமிழ் எழுத்து அகலமாச்சே, திரையைத் தாண்டாதா? தாயின் சின்னப் போனிலும் தன் போனிலும் திரையைப் படமாக எடுத்து அனுப்பினார். தாண்டவில்லை.

'ஸ்ரீ'யை இந்த வசதி ஸ், ரீ என்று இரண்டாகத்தான் எண்ணும், அது நடுவில் வெட்டுப்படலாம் என்பதை ஆசிரியர் கண்டுபிடித்தார். அந்தக் குறையை மறைக்காமல் கோரிக்கையிலேயே எழுதினோம்.

பத்தொன்பதாம் நாள் மாற்றம் இணைக்கப்பட்டது. இந்தி எழுத்துகளிலும் பல குறியீடுகள் சேர்ந்து ஒன்றாகத் தெரியும் எமோஜிகளிலும் இதே வெட்டு இருந்தது, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று பராமரிப்பாளர் எழுதியிருந்தார். மாணவி அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நேரே ஆசிரியர் வீட்டுக்குச் சைக்கிளில் போய்விட்டார்.

பின்னர்

மாணவி மாதத்துக்கு இரண்டு தடவை ஏதாவது அனுப்புகிறார். எல்லாம் ஏறுவதில்லை. அடுத்து அனுப்பிய ஒன்றை, திட்டத்தின் போக்குக்குப் பொருந்தாது என்று திருப்பினார்கள். அன்று அவர் வகுப்புக்கு வந்தார். வகுப்பில் முயன்ற ஆறு பேரில் நிலைத்தவர்கள் இவர்கள் இருவர்தான். மற்ற நால்வருக்கு நேரம் இல்லாமற் போனது. டேட்டாச் செலவும் ஒரு காரணம் என்று இருவர் சொன்னார்கள்.

திரும்பச் செய்தால்

முதல் சேமிப்பின்போது பக்கத்தில் இருப்பேன். 146 மாற்றங்களில் முதல் மூன்றை நான் பார்த்திருந்தால் மிச்சம் 143 நடந்திராது. கணக்குத் தொடங்கும்போதே அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது, அதைப் போனில் திறக்க முடிகிறதா என்று பார்ப்பேன்; அந்த ஐந்து நாள் மௌனம்தான் ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுதலாக மாற்றியது. பரிசு, சான்றிதழ் கொடுக்கும் நிகழ்வுகளை முதல் மாதத்தில் வகுப்பில் எடுக்கமாட்டேன். "எந்தத் திட்டத்துக்குப் பங்களிக்கலாம்" என்று கேட்கும் பிள்ளையிடம், இந்த வாரம் போனில் எதைப் பார்த்து எரிச்சல் வந்தது என்று கேட்பேன்.

இன்னொன்று, இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் மூவரும் தமிழர். சிங்களப் பெயர்ப் புலங்களை எங்களால் சரிபார்க்க முடியாததால் தொடவில்லை. அது சரியான முடிவு. முஸ்லிம் குடும்பங்களின் படலைகளைத் தட்டும்போது அவர்களில் ஒருவர் எங்களோடு இல்லாதது சரியில்லை. மாணவியோடு உயர்தரம் படித்த, கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் தோழி ஒருவர் அடுத்த சுற்றில் வருகிறார். சிங்களம் வாசிக்கக்கூடிய ஒருவரைத் தேடுகிறோம். கொப்பியில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. முதலில் போவது அந்த ஒன்பது ஒழுங்கைகளுக்கு. இந்தத் தடவை மற்ற முனையிலிருந்து.